நெத்திலிச் சீர்

போன மாதம் நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்திலிருந்து கவிதா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்தவள். மீனில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று பார்க்கப் புதுக் கருவி வந்திருக்கிறது, பழைய ஆட்களை எல்லாம் கூப்பிடுகிறோம், நீங்களும் வரவேண்டும் என்றாள். ‘பழைய ஆட்கள்’ என்றது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கருவியைப் பார்க்கும் ஆசை அதைவிடப் பெரிது. பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாறி, கடற்கரை ஊர் போய்ச் சேர்ந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரு கருவாட்டுப் பொட்டலம்.

கருவி ஒரு தையல் மிஷின் அளவுதான். சின்ன உலோகக் கரண்டி மாதிரி ஒன்றில் மீன் சதையைத் துளி வைத்து உள்ளே தள்ளினால் அதுவே எரித்து, பாதரசத்தைத் தனியாகப் பிடித்து, எண்ணைத் திரையில் காட்டிவிடுகிறது. அமிலம் இல்லை, புகை இல்லை. கையில் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. நான் அதை நாலா பக்கமும் சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன். “இது எங்க இருந்து காத்து இழுக்குதும்மா?” என்று கேட்டேன். அறைக் காற்று கிடையாது, சிலிண்டர் ஆக்சிஜன் என்றாள் கவிதா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவள் விடாமல் கேட்டதால் எங்கள் பழைய மேலதிகாரி கோமதிநாயகம் சாரின் கழுத்தில் கிடந்ததைப் பற்றிச் சொன்னேன். அறையே சிரித்தது. எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். அதுதான் இது.

கிளம்பும்போது பையிலிருந்த பொட்டலத்தைக் கொடுத்து, இதையும் ஒருமுறை போட்டுப் பார் என்றேன். நெத்திலிக் கருவாடு. எண் வந்தது. அதை மனதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்காக என்பது கடைசியில் வரும்.

என் ஊர் திருச்சுழிப் பக்கம். அப்பா கூலி வேலை. நான் வேதியியல் படித்தது, அந்த வகுப்பில் இடம் மீதி இருந்ததால்தான். கடலை முதன்முதலில் பார்த்தது வேலையில் சேர்ந்த அன்று. முதல் சில வருடங்கள் குடுவை கழுவியதிலேயே போயின. கழுவுவது என்றால் சோப்புப் போட்டு அலசுவதல்ல. கழுவிய குடுவையை இரவு முழுக்க அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கவேண்டும். என்னோடு கழுவிய எஸ்தர் அக்கா அருப்புக்கோட்டைக்காரர், எனக்கு மூத்தவர். வீட்டில்கூட இப்படிக் கழுவினால் மாமியார் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார் என்பார்.

கோமதிநாயகம் சார் எங்கள் தலைமை ஆய்வாளர். பேச்சுக்குப் பேச்சு ‘வே’ போடும் திருநெல்வேலிக்காரர், ஒல்லி, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்களையும் அப்படியே வரச் சொல்வார். தலைக்கு எண்ணெய் தடவி வந்தால் முகத்தைச் சுளிப்பார். பவுடர் போட்டு வந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வார். பாதரச வெப்பமானிகளை எல்லாம் அறையை விட்டே விரட்டிவிட்டு, சிவப்புத் திரவம் ஓடும் வெப்பமானிகளை வாங்கி வைத்திருந்தார். நாம் தேடுவது ஊசிமுனையில் பாதி அளவுகூட இல்லாத பாதரசம், ஒன்று உடைந்தால் பல மாதத்துக்கு இந்த அறையில் வேலையே பார்க்க முடியாது என்பார். எது தவறாகப் போனாலும் அவருடைய மருந்து ஒன்றுதான்: “ஒண்ணை மட்டும் மாத்து வே. ரெண்டை மாத்துனா எது காரணம்னு தெரியாது.”

அன்றைய முறையைக் கவிதா போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீனின் முதுகுச் சதையைத் தோல் நீக்கி வெட்டி, அரைத்து, எடை போட்டு, அமிலத்தில் போட்டுச் சூடுபடுத்துவோம். சதை கரைந்து தெளிந்ததும் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கத்தரிப்பூ நிறம் வரும், மறையும், திரும்ப வரும். நிறம் நிலைத்து நின்றால்தான் கரைசல் தயார். பிறகு அந்த நிறத்தைப் போக்கி, கடைசி மருந்தை ஊற்றி, பம்பால் காற்றைக் குமிழியிட வைத்தால் பாதரசம் ஆவியாகிக் கண்ணாடிக் குழாய்க்குள் போகும். குழாய்க்குள் பாயும் ஒளி அதற்குத் தகுந்தபடி குறையும். தாளில் ஊர்ந்துகொண்டிருக்கும் பேனா மேலே ஏறி இறங்கும். அந்த ஏற்றம்தான் எங்களுக்கு மீன் சொல்லும் பதில். மீனே போடாமல் இதே மருந்துகளை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் பேனா படுத்தே கிடக்கவேண்டும். பிளாங்கில் பேனா எழுந்தால் அன்றைக்கு எடுத்த முடிவுகள் எல்லாம் குப்பைக்கு.

அப்போது எங்கள் கூடத்துக்கு வந்திருந்த பெரிய வேலை ஒரு கழிமுகம். எந்தக் கழிமுகம் என்று சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. ஆறு கடலில் சேரும் இடம், மேலே எங்கோ பல காலம் கழிவு கலந்திருக்கிறது. தண்ணீரில் பார்த்தால் அநேகமாக ஒன்றும் இல்லை. அடியில் கிடக்கும் சேற்றில் இருந்தது. சேற்றை மேயும் மடவை மீனில் கொஞ்சம் இருந்தது. மடவையைத் தின்னும் மீனில் அதைவிட அதிகம். சேற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாதரசத்தை வேறு வடிவமாக்கி விடுகின்றன. அந்த வடிவம் சதையோடு ஒட்டிக்கொள்ளும். சின்ன மீன் தன் வாழ்நாளில் சேர்த்ததைப் பெரிய மீன் ஒரே வாயில் வாங்கிக்கொள்ளும். கழுவினால் போகாது, கொதிக்க வைத்தால் போகாது, உப்புப் போட்டுக் காய வைத்தாலும் போகாது. எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் சாரிடம், அப்படியானால் எல்லா மீனுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் சுறாவில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.

“நாம பாக்குற மீன் பட்டியல்ல சுறா இல்லையே. எதுக்குக் கேக்க?” என்றார்.

எனக்கு ஒரே தங்கை, பஞ்சவர்ணம். நரிக்குடிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டதால் அவளுக்குத் தாய்வீடு என்றால் நான் மட்டும்தான். முதல் பிள்ளை கார்த்திக்கு அவளிடம் பால் சுரக்கவே இல்லை. பவுடர் டப்பாவில் வளர்ந்த பிள்ளை அடிக்கடி வயிற்றுப்போக்கில் விழுந்து, இரண்டு முறை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவள் மாமியார் இருளாயி அத்தை அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். தங்கை இரண்டாவதாக உண்டானதும் அத்தை முடிவு எடுத்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாக் கருவாடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாரும் பிரசவத்துக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அத்தை, இந்த முறை முதலிலிருந்தே உடம்பில் ஏற்றிவிடுகிறேன் என்று மூன்றாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டார். கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் போட்டுப் புட்டாக வதக்கி, தங்கை பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைப்பார். அந்தக் கருவாட்டை வாங்கிக்கொண்டு போனது நான். கழிமுகத்து ஓரத்துக் கருவாட்டுக் கொட்டகையில், நல்ல தடித்த துண்டாகப் பார்த்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போவேன். கடல் வேலைக்குப் போன அண்ணனால் தங்கைக்குச் செய்ய முடிந்தது அதுதான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இதைச் சாரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த குடுவையை மேசையில் வைத்தார். எத்தனை மாதம், எவ்வளவு தின்கிறாள், எந்தக் கொட்டகை என்று கேட்டார். பட்டியலில் இல்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. “மீன் எங்க பிடிபடுதுன்னு மட்டும்தான் நாம பாத்துக்கிட்டு இருக்கோம். எங்க போய் இலையில விழுதுன்னு பாக்கல. நரிக்குடிக்குப் போகும்னு நான் நெனைக்கவே இல்லவே” என்றார். மறுநாளே அந்தக் கொட்டகையிலிருந்து சுறாக் கருவாடு கொண்டுவரச் சொன்னார்.

உப்பைத் தூரிகையால் தட்டி, தோலை உரித்து, அரைத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். ஓட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல பிளாங்க். பேனா எழுந்தது.

திரும்ப ஓட்டினோம். மறுபடியும் எழுந்தது. அமிலத்தை மாற்றினோம். குடுவையை மாற்றினோம். தண்ணீரை மாற்றினோம். கடைசி மருந்துக்குப் புதுப் புட்டி திறந்தோம். ஒவ்வொன்றாகத்தான் மாற்றினோம், சார் அதில் ஒரு நூல் பிசகமாட்டார். சில நேரம் பேனா படுத்துவிடும், அப்பாடா என்று அடுத்த குடுவைக்குப் போனால் எழுந்துகொள்ளும். பேய் பிடித்தது மாதிரி ஆடியது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நாள் குறித்துவிட்டதாகத் தகவல் வந்தது. அவள் ஒவ்வொரு நாளும் அதைத் தின்றுகொண்டிருக்கிறாள். முடிவு வரட்டும் என்று காத்திருக்க மனசு கேட்காமல் நரிக்குடியில் ஒரு கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். கொஞ்ச நாளைக்குச் சுறா வேண்டாம் என்றேன். அவள் தயங்கினாள்.

“அத்தை ஆசையா செஞ்சு கொடுக்குறாக. வேணாம்னு சொன்னா மொகம் வாடிப்போகும்ணே. நீ வந்து அவுககிட்ட சொல்லு” என்றாள்.

என்னவென்று போய்ச் சொல்வது? கையில் ஒரு எண்கூட இல்லை.

மருந்தில் இல்லை, குடுவையில் இல்லை என்றானதும் சார் எங்கள் பக்கம் திரும்பினார். அறைக் காற்றைத்தான் பம்பு இழுக்கிறது, அறையில் இருப்பது நாம்தான் என்றார். எஸ்தர் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் வெள்ளி நிறத்தில் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பில் பாதரசம் உண்டு. அவரை வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னார் சார். அக்காவுக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். பிறகு அவரை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டினோம். பேனா எழுந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு அக்காவை ஓட்டச் சொன்னார். எழுந்தது. மீதி இருந்தது ஒருவர்தான். கோமதிநாயகம் சார், நானும் மாற்றிப் பார்க்கவேண்டிய ஒன்றுதானே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

பேனா படுத்தது. திரும்ப ஓட்டினோம், படுத்தே கிடந்தது. அவரை உள்ளே கூப்பிட்டோம். வந்தவர் வழக்கம்போலப் பேனாவைப் பார்க்கக் கருவியின் மேல் குனிந்தார். எங்கள் கண் முன்னாலேயே பேனா ஏறத் தொடங்கியது. அவர் குனிந்தபடியே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி உள்ளே கையை விட்டு ஒரு கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். கயிற்றின் நுனியில் ஈய நிறத்தில் ஓர் உருண்டை. ரசமணி. பாதரசத்தை மூலிகை வைத்துக் கட்டியது என்று மலையடிவாரங்களில் விற்பார்கள். ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று அவர் மனைவி சில வாரங்களுக்கு முன்னால்தான் வாங்கிக் கட்டிவிட்டிருந்தார். சார் குனியும்போதெல்லாம் அது பம்பு காற்று இழுக்கும் வாய்க்கு நேரே வந்து தொங்கியிருக்கிறது.

எஸ்தர் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்சம் கழித்துத் திரும்பி, “என் பல்லை மட்டும் சொன்னீகளே சார்” என்றார்.

சாரும் சிரித்துவிட்டார். வெப்பமானியை எல்லாம் விரட்டிவிட்டு மார்பிலேயே கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேனே என்றார். ரசமணியைக் கழற்றி மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, சோதனைக்கு வரும் மீன் மாதிரிக்கு ஒட்டுவதுபோலவே லேபிள் ஒட்டி, புகையை வெளியே இழுக்கும் காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்தார். என்னைவிடப் படித்தவர், என்னைவிடக் கவனமானவர். அவருக்கே இது தோன்றவில்லை. அன்புடன் கட்டிவிட்டது அது, அதில் போய் யார் பாதரசத்தைத் தேடுவார்கள்? எனக்கு உடனே இருளாயி அத்தையின் புட்டுச் சட்டி ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானமே சுறாவை ஓட்டினோம். பேனா தாளின் உச்சியைத் தொட்டு நின்றது. கரைசலைப் பல மடங்கு நீர்க்க வைத்துத் திரும்ப ஓட்டவேண்டியிருந்தது. அளவு தெரிந்த மீன் தூளையும் ஓட்டினோம், அது சரியாக வந்தது. அப்படியானால் சுறாவும் சரி. சார் அவசரப்படவில்லை. கருவாட்டில் தண்ணீர் போய்விடுவதால் அளவு கூடித் தெரியும், பச்சை மீனாக இருந்தால் என்ன வரும் என்று கணக்குப் போடு என்றார். போட்டேன். அப்போதும் தின்பதற்கு அனுமதித்த வரம்புக்கு மேலேதான் நின்றது. அவள் ஒருவேளைக்குத் தின்பது எவ்வளவு என்று கேட்டார். அத்தை அள்ளி வைப்பது ஒரு கை என்றேன். என் கையளவு கருவாட்டை எடை போடச் சொன்னார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

“உங்க வீட்டுல போய்ப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்னு சொல்லாத. ஆகாதுன்னும் சொல்லாத. ரெண்டும் நமக்குத் தெரியாது. வயித்துல மூளை வளர்ற பிள்ளை, அதுக்கு இது ஆகாது, இன்னையோட நிறுத்தணும். அவ்வளவுதான் தெரியும். நிறுத்துனா உடம்பை விட்டு மெல்ல மெல்லப் போகும்.”

அதைச் சொல்வதுதான் சார் கஷ்டம், அத்தை கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது என்று கேட்டேன். அவர் புட்டிக்குள் இருந்த ரசமணியைப் பார்த்தார். அவருக்கும் அதே கஷ்டம்தான். வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போகமுடியாது. மறுநாள் அவர் கழுத்தில் ஓர் உருத்திராட்சம் தொங்கியது. கழற்றினேன் என்று வீட்டுக்காரியிடம் சொன்னால் சண்டை, அதற்குப் பதிலாக இதைக் கட்டிவிடு என்று நீட்டினேன், அவளே கட்டிவிட்டாள் என்றார். பாதரசத்தைப் பற்றி மெதுவாகப் பிறகு சொன்னாராம். நான் அன்றைக்கே கொட்டகைக்குப் போய் அதே கழிமுகத்து வாயில் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து ஓட்டினேன். பேனா கொஞ்சமாகத் தலை தூக்கிவிட்டு இறங்கிவிட்டது. சின்ன மீன், சின்ன ஆயுசு, சேர்த்து வைக்க அதற்கு நேரம் இல்லை. ஓலைப்பெட்டி நிறைய நெத்திலி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. எங்கள் பக்கத்தில் அண்ணன் கொண்டுவரும் சீரை ஊரே பார்க்கும்படி நடுவீட்டில் இறக்கி வைத்துத் திறக்கவேண்டும். சேலை, வளையல், பழம், இனிப்பு எல்லாம் திறந்தாயிற்று. ஓலைப்பெட்டியைத் திறந்தபோது கூட்டத்தில் சலசலப்பு. கடற்கரையில் சர்க்கார் வேலை, கொண்டுவந்தது நெத்திலியா என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது. நெத்திலி எங்கள் சந்தையில் ஏழைபாழைகள் கூறு கட்டி வாங்குவது. பஞ்சவர்ணம் கன்னத்தில் சந்தனத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முகம் எரிந்தது. இருளாயி அத்தை என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

“சுறா கெடைக்கலையா தம்பி? கெடைக்கலைன்னா வெறும் பெட்டியக் கொண்டாந்திருக்கலாமே” என்றார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. கடலில் கலந்த விஷம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ச் சேரும், எல்லாவற்றையும் தின்னும் சுறாவின் சதையில் தங்கிவிடும், அது தாய் மூலமாகப் பிள்ளைக்குப் போகும், நானே என் கையால் பார்த்தேன் அத்தை என்றேன். அவர் நம்புவாரா, கோபித்துக்கொள்வாரா என்று யோசித்திருந்தேன். இரண்டும் இல்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

“அப்ப இத்தன மாசமா நான் ஊட்டுனது?”

வாங்கிக் கொடுத்தது நான்தான் அத்தை என்றேன். சார் சொன்னதையே சொன்னேன்: என்ன ஆகும் என்று தெரியாது, இன்றோடு நிறுத்தினால் மெல்லக் குறையும். அவர் உறியிலிருந்த சுறாக் கருவாட்டுச் சட்டியை இறக்கினார். நாய்க்குப் போடலாமா என்று கேட்டார். நாய்க்கும் வேண்டாம் என்றேன். கொல்லைப்புறம் போய் மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். கை கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவீட்டுக்கு வந்து நின்றார். அத்தனை பேரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். ஓலைப்பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் நெத்திலியை அள்ளி மருமகள் மடியில் வைத்தார்.

“எங்க வீட்டுக்கு அண்ணன் சீரு நெத்திலிதான். எங்க வழக்கம் அப்படி” என்றார்.

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷம் வரை உலகத்திலேயே கிடையாது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. மற்றவர்கள் முன்னால் என் மானத்தையும் அவர் மனசையும் ஒரே வார்த்தையில் மூடிவிட்டார்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. தேன்மொழி. பாலும் சுரந்தது, நெத்திலியாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது. கழிமுகத்து அறிக்கையில் சார் எல்லா மீனையும் ஆகாது என்று எழுதிவிடவில்லை. அப்படி எழுதினால் மீன்பிடிக்கிறவன் பிழைப்பு போகும், தின்கிறவன் உடம்புக்குக் கிடைக்கும் நல்லதும் போகும் என்பார். எந்த மீன், யார், எவ்வளவு என்று பிரித்து எழுதினார். உண்டானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சுறா போன்ற பெரிய மீன்களைத் தவிர்க்கவேண்டும், சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது அதன் சாரம். மீன் இறங்கும் இடத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடல் காற்றில் அது கொஞ்ச நாளில் கிழிந்துபோனது. ரசமணிப் புட்டி மட்டும் அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவோம். இப்போது அவர் இல்லை. இருந்திருந்தால் புதுக் கருவியின் பின்பக்கத்தை அவரும்தான் தடவிப் பார்த்திருப்பார்.

தேன்மொழி படித்தாள், கல்யாணம் ஆனது, உண்டானாள். போன வாரம் வளைகாப்பு. இப்போது அண்ணன் சீர் கொண்டுவரவேண்டியவன் கார்த்தி, பவுடர் டப்பாவில் வளர்ந்த அதே கார்த்தி. திருப்பூரில் வேலை. நாள் குறித்ததுமே, போன மாதம், சீருக்கு என்னடா வாங்கினாய் என்று கேட்டதற்கு, நெத்திலி மாமா, நம்ம வழக்கம்ல என்றான். பக்கத்து வீடுகளிலும் இப்போது அப்படித்தானாம். நெத்திலி எப்போதும் கூட்டமாகப் போகும், அதனால் குடும்பம் பிரியாது என்று காரணமும் சொன்னான். யார் சொன்னார்கள் என்றேன். எல்லாரும் சொல்வார்கள் என்றான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கண் முன்னால் பிறந்த ஒரு வழக்கம் வளர்ந்து, தனக்கென்று ஒரு காரணத்தையும் தேடிக்கொண்டு நிற்கிறது. அருப்புக்கோட்டைச் சந்தையில் அவன் வாங்கி வைத்திருந்த நெத்திலியிலிருந்து ஒரு கை அள்ளித்தான் மஞ்சள் பையில் போட்டுக் கவிதாவிடம் கொண்டுபோனேன்.

வளைகாப்பில் இருளாயி அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேன்மொழி எதிரே வளையல் அளவு சரியில்லை என்று வளையல்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தை அந்தச் சத்தம் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு நாம நிறுத்துனது, நேரத்தோட நிறுத்தினோமா தம்பி? இவ கணக்குல கொஞ்சம் மட்டம்னு பள்ளிக்கூடத்துல சொன்னப்பெல்லாம் எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வந்துச்சு. உங்ககிட்ட கேக்கப் பயந்துகிட்டே இருந்துட்டேன்.”

இத்தனை வருடமும் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. அதைப் பார்க்க எந்தக் கருவியும் இல்லை அத்தை, எனக்கும் கணக்கு மட்டம்தான், நான் ஒரு துண்டு சுறாவும் தின்று வளரவில்லை என்றேன். அவர் வாய்க்குள்ளேயே சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பேத்திக்கு முதல் பரிமாறல் தன் கையால்தான் என்று எழுந்து வந்தார். யாரோ நெத்திலி வறுவலை அவர் கையில் கொடுத்தார்கள். இலைக்கு மேலே கையைக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, கூட்டத்தில் என் முகத்தைத் தேடினார். கவிதாவின் திரையில் வரம்புக்கு வெகு கீழே நின்ற எண் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாகவே தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் வைத்தார்.